எல்ம் மரங்களை வகைப்படுத்துவது ஏன் இவ்வளவு சிக்கலாகிப்போனது?

எல்ம் மரத்துக்கு நெருங்கிய உறவு எவை என்று இன்றைய தாவரவியலாளர்களில் யாரைக் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: ரோசேல்ஸ் வரிசை, உல்மேசி குடும்பம், உல்மஸ் பேரினம். அதுவே, இங்கிலாந்தில் எத்தனை எல்ம் சிற்றினங்கள் இருக்கின்றன என்று கேட்டால் நிலைமை வேறு. இரண்டு என்பார் ஒருவர். ஐந்தாறு என்பார் இன்னொருவர். 2018-இல் பீட்டர் செல், ஜினா மரெல் இருவர் பெயரில் வந்த பிரிட்டன் தாவரத் தொகுதி அறுபதை ஒட்டி எண்ணுகிறது. உலகிலேயே அங்குலம் அங்குலமாக ஆராயப்பட்ட தாவரங்கள் பிரிட்டனின் தாவரங்கள்தான். அந்த ஊரில், சாலையோரத்தில் நிற்கும் ஒரு பெரிய மரத்தைப் பற்றி இரண்டுக்கும் அறுபதுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

குடும்பம், வரிசை போன்ற மேல் அடுக்குகளில் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கீழே, சிற்றினம் என்ற அடுக்கில் தீரவில்லை. அறிவியலாளர்களின் பிடிவாதம் இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் அந்த மரம் வாழும் முறையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், கடந்த நூறு ஆண்டுகளில் எல்ம் மரங்கள் கோடிக்கணக்கில் செத்ததற்கான காரணமும் கூடவே புரியும்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடலாம். எல்ம் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நிலங்களுக்கு உரிய மரம். ஐரோப்பா, மேற்கு ஆசியா, இமயமலை, சீனா, ஜப்பான், வட அமெரிக்கா என்று பரவி நிற்கிறது. உல்மஸ் லான்சிஃபோலியா என்ற ஒரு சிற்றினம் மட்டும் வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி நிலநடுக்கோட்டைத் தாண்டி இந்தோனேசியா வரை இறங்கிப் போகிறது. பெரும்பாலான எல்ம் மரங்களில் பூ, இலை துளிர்ப்பதற்கு முன்பே வந்துவிடும். இதழ் கிடையாது. சிறு கொத்தாக, செம்பழுப்பாக, காற்றில் மகரந்தம் தூவும் பூ அது. சில வாரங்களில் காய் முற்றும். நடுவில் ஒரு விதை, அதைச் சுற்றி வட்டமான மெல்லிய தாள் போன்ற சிறகு. காற்றடித்தால் சிறகோடு பறக்கும். இலை இரண்டு வரிசையாக மாறி மாறி அமையும். ஓரத்தில் பெரிய பல்லும் அதற்குள் சிறிய பல்லுமாக இருக்கும். எல்லாவற்றையும்விட எளிய அடையாளம் இலையின் அடிப்பகுதி. நடுநரம்பின் ஒரு பக்கம் காம்பு வரை இறங்கியிருக்கும், மறு பக்கம் அதற்கு முன்பே நின்றுவிடும். இந்தக் கோணல் கண்ணில் பட்டாலே எல்ம் என்று சந்தேகிக்கலாம்.

1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை வகுத்தபோது பூவில் இருக்கும் மகரந்தத்தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணினார். எல்ம் பூவில் தாள் ஐந்து, தண்டு இரண்டு என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கை கொண்ட தொகுதியில் போட்டார். அதே தொகுதியில் கொத்தமல்லியும் கேரட்டும் இருந்தன. முப்பது மீட்டர் உயர மரமும் கொத்தமல்லிச் செடியும் ஒரே அறையில்! லின்னேயஸுக்கே இது இயற்கையான உறவு அல்ல என்று தெரியும். செடியின் பெயரை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். உறவைத் தேடும் வேலை அப்புறம்தான் தொடங்கியது. 1815-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிர்பெல் எல்ம்களுக்கென்று உல்மேசி என்ற குடும்பத்தை வகுத்தார்.

அந்தக் குடும்பம் நெடுங்காலம் இரண்டு கிளையாக இருந்தது. ஒன்று எல்ம் பக்கம். மற்றொன்று செல்டிஸ் என்ற மரப் பேரினத்தின் பக்கம். நம் ஊர் மலையடிவாரங்களில் காடு வெட்டிய இடத்தில் முதலில் முளைத்தெழும் ட்ரீமா மரமும் அதில் சேர்த்தி. பூவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மற்ற எல்லாம் முரண்டு பிடித்தன. எல்ம் பக்கம் பெரும்பாலும் சிறகு வைத்த உலர்ந்த கனி, செல்டிஸ் பக்கம் உள்ளே கொட்டை இருக்கும் சதைக்கனி. எல்ம் இலையில் பக்க நரம்புகள் நேராக ஓடி ஓரத்துப் பல்லில் முடியும்; செல்டிஸ் இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் கிளம்பும். எல்ம் பக்கம் குரோமோசோம்களின் அடிப்படை எண் 14. செல்டிஸ் பக்கம் 10 அல்லது 11. இலையில் இருக்கும் ஃபிளாவனாய்டு வேதிப்பொருட்களைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயும் இரண்டு கட்சி. 1967-இலேயே சோவியத் தாவரவியலாளர் குருட்சின்ஸ்கயா இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிக்கச் சொன்னார். அது அப்போது பரவலாக ஏற்கப்படவில்லை.

டி.என்.ஏ. வந்த பிறகு வழக்கு முடிந்தது. செல்டிஸும் ட்ரீமாவும் எல்மைவிடக் கஞ்சாச் செடிக்கும், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடிக்கும்தான் நெருக்கம் என்று 1990-களின் ஆய்வுகள் காட்டின. பூக்கும் தாவரங்களின் உறவை டி.என்.ஏ. வழி வகுக்கும் சர்வதேசக் குழு தன் 1998 பட்டியலில் செல்டிஸ் கூட்டத்தைத் தனிக் குடும்பமாக வைத்தது. 2003 பட்டியலில் அதைக் கஞ்சாக் குடும்பமான கன்னாபேசியோடு சேர்த்துவிட்டது. கஞ்சாவும் ஹாப்பும் மட்டும் இருந்த சின்னக் குடும்பத்துக்குள் திடீரென்று நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் வந்து சேர்ந்தன. உல்மேசி சுருங்கி ஏழு பேரினங்களோடு நின்றது.

இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது. எல்ம், கஞ்சா, ஆல், நெட்டில் ஆகிய நான்கின் குடும்பங்களும் முன்பு அர்டிகேல்ஸ் என்ற தனி வரிசையில் இருந்தன. அந்த வரிசையே இப்போது இல்லை. அது முழுவதும் ரோஜா இருக்கும் ரோசேல்ஸுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே ஆல், அரசு, அத்தி, பலா, இலந்தை, ஆப்பிள், ரோஜா, நீலகிரிப் பக்கம் கை பட்டால் எரியும் நெட்டில் செடி எல்லாமே எல்மின் தூரத்து உறவுகள். பெரிய ரோஜாவும் இதழே இல்லாத எல்ம் பூவும் ஒரே வரிசை என்பதை வெறும் கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது. காற்றை நம்பி மகரந்தம் தூவும் மரத்துக்கு வண்ண இதழ் தேவைப்படுவதில்லை. அது சுருங்கி மறைந்துபோகும். தேவை மாறினால் பூவின் தோற்றம் மாறிவிடும். அதனால்தான் பூவின் தோற்றத்தை மட்டும் நம்பிய பழைய வகைப்பாடுகள் தடுமாறின.

சுருங்கிய உல்மேசியில் தமிழ்நாட்டு மரம் ஒன்று உறுதியாக நிற்கிறது. ஆயா என்றும் ஆவி என்றும் சொல்கிறோமே, அந்த மரம்தான். ஆங்கிலத்தில் அதற்கு இந்திய எல்ம் என்றே பெயர். கோரமண்டல் கரையில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் 1798-இல் அதை விவரித்தபோது நேரடியாக எல்ம் பேரினத்திலேயே வைத்து, உல்மஸ் இன்டெக்ரிஃபோலியா என்று பெயரிட்டார். ஓரத்தில் பல் இல்லாத, முழு விளிம்பு கொண்ட இலை என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. 1848-இல் பிரான்ஸின் பிளான்ஷோன் உல்மேசி முழுவதையும் திரும்ப ஆராய்ந்தபோது, இது எல்முக்கு அடுத்த வீட்டு மரம், எல்ம் அல்ல என்று முடிவு செய்து ஹோலோப்டீலியா என்ற புதிய பேரினத்தை உண்டாக்கினார். இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் நம் ஆயா ஒன்று, ஆப்பிரிக்காவில் இன்னொன்று என்று அந்தப் பேரினத்தில் இரண்டே இரண்டு சிற்றினங்கள். டி.என்.ஏ. ஆய்வுகளும் அதை உல்மேசிக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ராக்ஸ்பர்க் கண்ட குடும்ப உறவும் சரி, பிளான்ஷோன் பிரித்ததும் சரி. கண்ணும் பூதக்கண்ணாடியும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலை இது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

இந்த பிளான்ஷோன்தான் பின்னாளில், 1868-இல், பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது வேரில் ஒட்டும் ஒரு சின்னப் பூச்சி என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர். திராட்சைக்கும் எல்முக்கும் இதைவிடப் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

இனி கீழ் அடுக்கு. லின்னேயஸ் ஐரோப்பாவின் எல்ம்களை எல்லாம் உல்மஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற ஒரே பெயரில் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதே பெயரை ஆளுக்கொரு மரத்துக்குப் பயன்படுத்த, யார் எந்த மரத்தைச் சொல்கிறார் என்றே தெரியாமல் போய் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ஹட்சன் 1762-இல் உல்மஸ் கிளாப்ராவைப் பிரித்தார், மில்லர் 1768-இல் உல்மஸ் மைனரை. 1796-இல் சாலிஸ்பரி இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேலியோர மரத்துக்கு உல்மஸ் புரோசெரா என்று பெயர் வைத்தார்.

கிளாப்ரா தெளிவான மரம். பெரிய, சொரசொரப்பான இலை, மிகக் குட்டையான காம்பு, சிறகின் நடுவில் உட்கார்ந்திருக்கும் விதை. வேரிலிருந்து கன்று விடாது. விதை போட்டுத்தான் பெருகும். ஆகவே ஒவ்வொரு மரமும் மற்றொன்றிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. சராசரியைப் பார்த்து இது ஒரு சிற்றினம் என்று சொல்லிவிடலாம்.

மைனர் அப்படி இல்லை. அதன் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒரு மரம் நட்டால் சில தலைமுறையில் வேலி முழுக்க அதே மரம். விதை முளைத்து வந்தது அரிது. வெட்டிக் கொண்டுபோய் நட்டதும் தானாகப் பரவியதும்தான் அதிகம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே குளோன், அதாவது ஒரே மரத்தின் நகல்கள் நிற்கும், மலையைத் தாண்டினால் வேறொரு குளோன். முதல் பள்ளத்தாக்கின் மரத்துக்கு இலை நீளம், இரண்டாவதின் மரத்துக்கு இலை உருண்டை. ஒவ்வொரு பக்கமும் ஆயிரம் மரங்களைப் பார்க்கும் தாவரவியலாளர், ஆயிரமும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டு இது தனிச் சிற்றினம் என்று எழுதிவிடுகிறார். அவர் பார்த்தது ஆயிரம் மரம் அல்ல. ஒரே மரத்தின் ஆயிரம் தண்டு.

இதை நமக்கு வாழை எளிதாகப் புரியவைக்கும். ரஸ்தாளியும் பூவனும் நேந்திரனும் பார்த்தவுடன் தெரிகிற தனித்தனி வாழைகள். தஞ்சாவூர்த் தோப்பில் நிற்கும் ரஸ்தாளி அத்தனையும் ஒன்றுபோல இருக்கும், ஏனென்றால் எல்லாம் கன்றிலிருந்து வந்தவை. லின்னேயஸ் இதே வலையில் விழுந்தார். ரஸ்தாளி வகைக்கு மூசா சேபியன்டம் என்றும், சமையல் வாழை ஒன்றுக்கு மூசா பாரடிசியாக்கா என்றும் சிற்றினப் பெயர் வைத்தார். பின்னால்தான் இரண்டும் அக்குமினாட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் கலப்பில் பிறந்த சாகுபடி ரகங்கள் என்று தெரிந்தது. ரஸ்தாளியை ரகம் என்கிறோம், சிற்றினம் என்பதில்லை. ஐரோப்பிய எல்ம்களில் பாதிச் சண்டை இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் கலப்பு. கிளாப்ராவும் மைனரும் பக்கத்தில் நின்றால் தாராளமாகக் கலக்கும். பிள்ளைகள் மலடு அல்ல, அவை மீண்டும் பெற்றோரோடு கலக்கும். அப்படி வந்தவற்றில் சில, மைனரைப் போலவே வேர்க்கன்று விட்டுத் தனிக் குளோனாகப் பரவிவிடும். கிளாப்ராவிலிருந்து மைனர் வரை படிப்படியாக இடைநிலை மரங்கள் கிடைக்கும். எந்தப் படியில் கோடு போடுவது என்பது போடுபவரின் விருப்பம்.

இலையே ஏமாற்றுவது இன்னொரு தொல்லை. ஒரே எல்ம் மரத்தில் நீண்டு வளரும் கிளையின் இலை, அடிமரத்திலிருந்து கிளம்பும் தளிரின் இலை, வேர்க்கன்றின் இலை, குட்டைக் கிளையின் இலை நான்கும் நான்கு மாதிரி இருக்கும். வெயிலில் இருப்பதும் நிழலில் இருப்பதும் வேறு. கோடைக்காலத்தில், குட்டைக் கிளையின் நுனிப்பக்கத்து இலையை எடுத்தால் மட்டுமே ஒப்பிட முடியும். இந்த விதி உறுதிப்படுவதற்கு முன்பு கைக்கெட்டிய தளிரை ஒடித்து அழுத்தி வைத்தவர்கள் ஏராளம். பழைய உலர்தாவரச் சேகரிப்புகளில் அப்படிப்பட்ட தாள்கள் இன்றும் இருக்கின்றன. சில பெயர்கள் அந்த மாதிரித் தாள்களின் மேல்தான் நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு அணிகள் உருவாயின. கியூ தாவரவியல் பூங்காவின் ரொனால்ட் மெல்வில் பல சிற்றினங்களையும் அவற்றின் பல கலப்புகளையும் கண்டார். ரிச்சர்ட் ரிச்சன்ஸ் ஊர் ஊராகப் போய் இலைகளைச் சேகரித்து அளந்து, இங்கிலாந்தில் இருப்பது கிளாப்ரா, மைனர் என்ற இரண்டும் அவற்றின் கலப்பும்தான், மற்றதெல்லாம் மனிதர்கள் ஊருக்கு ஊர் கொண்டுபோன குளோன்கள் என்று 1983-இல் நூலாகவே எழுதினார். எல்மின் வரைபடத்தை அவர் குடியேற்ற வரலாற்றோடு சேர்த்துப் படித்தார். எந்த ஊரில் எந்த எல்ம் என்பது, அந்த ஊருக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது என்பது அவர் வாதம்.

அவருக்குச் சாதகமாகவே டி.என்.ஏ. பேசியது. பிளாட் எல்ம் என்று ஒரு மரம். 1677-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் இயற்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் பிளாட் நினைவாக 1911-இல் டிரூஸ் அதற்கு உல்மஸ் பிளாட்டி என்று பெயரிட்டார். இங்கிலாந்தில் மட்டுமே காணப்படும் அரிய சிற்றினம் என்று மதிப்பு. எடின்பரோவில் மாக்ஸ் கோல்மனும் சகாக்களும் பல இடங்களில் நிற்கும் பிளாட் எல்ம்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்டார்கள். சரியான பிளாட் எல்ம் என்று சொல்லத்தக்கவை எல்லாமே ஒரே குளோன்.

அடுத்தது இன்னும் பெரிது. இங்கிலாந்து ஓவியங்களில் வயல்களின் பின்னணியில் உயரமாக நிற்கிற மரம் புரோசெரா. ஆங்கிலேயரின் நிலக்காட்சிக்கே அடையாளமாக அவர்கள் நினைத்த மரம். 2004-இல் நேச்சர் இதழில் லூயிஸ் கில் தலைமையிலான ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதன் மரபணு முத்திரையை ஐரோப்பா முழுவதிலும் எடுத்த எல்ம்களோடு ஒப்பிட்டார்கள். பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி மூன்றிலும் அதே குளோன் இருந்தது. ரோமானியர்கள் திராட்சைக் கொடி ஏற்றுவதற்காக நட்டு வளர்த்த அத்தினிய எல்ம்தான் அது என்பது அவர்களின் முடிவு. நம் ஊரில் முள்முருங்கையில் வெற்றிலை, மிளகு ஏற்றுகிறோம் அல்லவா, ரோமானியர்கள் எல்மில் திராட்சை ஏற்றினார்கள். தழையை மாட்டுக்கும் போடலாம். முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா, இன்றைய ஸ்பெயினில் இருக்கும் காடிஸ் ஊர்க்காரர். அவர் அத்தினிய எல்மையே பரிந்துரைத்தார். அந்த எல்முக்கு விதையே கிடையாது என்று தனக்கு முந்தைய ஒருவர் சொன்னதை மறுத்து, உண்டு, ஆனால் மிகக் குறைவு என்றும் எழுதிவைத்தார். புரோசெராவைக் கவனித்தவர்களுக்கு அந்த வரி புல்லரிக்க வைக்கும். இங்கிலாந்தில் அது காய்க்கும். விதை முளைப்பது அபூர்வம்.

ஆக, சாலிஸ்பரி பெயரிட்ட சிற்றினம், மைனரின் ஒரு சாகுபடி ரகம். ரஸ்தாளி மாதிரி. இன்று பலர் அதை உல்மஸ் மைனர் ‘அத்தினியா’ என்று ரகப்பெயரோடு எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் புரோசெரா என்ற பெயரும் வழக்கில் நீடிக்கிறது.

அப்படியானால் செல்லின் அறுபது? ஒவ்வொரு நிலையான உள்ளூர் வடிவத்துக்கும் ஒரு சிற்றினப் பெயர் என்பது அவர் கொள்கை. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: உறவைக் காட்டுவதுதான் வகைப்பாட்டின் வேலை என்றால், ரிச்சன்ஸ் வழியே சரி. இரண்டு சிற்றினம், நடுவில் கலப்பு, கீழே ரகங்கள். ஒரு குளோனை உயிரினப் பரிணாமத்தின் ஒரு கிளை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் செல் தரப்பு சொல்லும் ஒரு வாதத்தைத் தள்ள முடியாது. பெயர் இல்லாத மரத்தை யாரும் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், பட்டியலில் இல்லாததைக் காப்பாற்றவும் மாட்டார்கள். ஒரே ஒரு மாவட்டத்தில் நிற்கும் எல்முக்குச் சிற்றினப் பெயர் வேண்டாம், சரி. ஏதோ ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்.

காப்பாற்றும் பேச்சு ஏன் வருகிறது என்றால், டச்சு எல்ம் நோய். டச்சு என்ற பெயர் அநியாயம். நோய் 1910-களின் இறுதியில் வடமேற்கு ஐரோப்பாவில் தெரியவந்தது. அதை முதலில் தீர விசாரித்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள் என்பதால் அந்தப் பெயர். யோஹன்னா வெஸ்டர்டைக்கின் ஆய்வகத்தில் பேயா ஸ்வார்ட்ஸ் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார், கிறிஸ்டின் பௌஸ்மான் அதுதான் காரணம் என்று ஐயமற நிறுவினார். இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்தைக் கட்டி எழுப்பியவர்கள் பெண்கள். மரப்பட்டைக்குள் குடையும் வண்டு பூஞ்சையை மரத்துக்கு மரம் எடுத்துப்போகிறது. மரம் பூஞ்சையைத் தடுக்கத் தன் நீர்க்குழாய்களையே அடைத்துக்கொண்டு வாடிச் சாகிறது. 1960-களின் இறுதியில், இன்னும் கொடிய இரண்டாவது பூஞ்சை வட அமெரிக்காவிலிருந்து வந்த எல்ம் கட்டைகளோடு பிரிட்டனுக்குள் நுழைந்தது. 1991-இல் பிரேசியர் அதைத் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டார். பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம்கள் செத்தன.

அத்தனை வேகத்துக்கு ஒரு பெரிய காரணம், புரோசெரா ஒரே குளோன் என்பது. ஒரு மரத்தை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லா மரத்தையும் வீழ்த்தத் தெரியும். ரஸ்தாளித் தோப்புகளில் வாடல் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். போதாததற்கு, வேர்க்கன்றிலிருந்து வந்த மரங்கள் வேரால் இணைந்தே இருப்பதால் பூஞ்சை மண்ணுக்கு அடியிலும் பயணம் போனது. அதே வேர்தான் புரோசெராவை முற்றாக அழியாமல் காத்தும் வைத்திருக்கிறது. இங்கிலாந்து வேலிகளில் இன்றும் கன்றுகள் வந்துகொண்டே இருக்கின்றன. வண்டு குடையும் அளவுக்குப் பட்டை தடித்ததும் சாகும், மறுபடி முளைக்கும். கடலுக்கும் குன்றுகளுக்கும் நடுவில் ஒதுங்கியிருக்கும் பிரைட்டன் நகரில், நோய்ப்பட்ட மரத்தை உடனுக்குடன் வெட்டி அகற்றி ஆயிரக்கணக்கான எல்ம்களைக் காத்துவருகிறார்கள். அங்கே பிரெஸ்டன் பூங்காவில் இரட்டையராக நின்ற பழம்பெரும் புரோசெராக்களில் ஒன்றை 2019-இல் நோயால் இழந்தார்கள்.

எதிர்ப்புச் சக்தி உள்ள மரத்தை உருவாக்கப் போனவர்களுக்கு வகைப்பாடு வேறொரு விதத்தில் தேவைப்பட்டது. 1994-இல் வீக்ரிஃப், சிட்ஸ்மா, குரீஸ் மூவரும் டி.என்.ஏ. அடிப்படையில் எல்ம்களை இரண்டு துணைப்பேரினங்களாக வகுத்தார்கள். ஒன்று உல்மஸ்: கிளாப்ரா, மைனர், ஆசிய எல்ம்கள் பெரும்பாலும் இதில். மற்றொன்று ஓரியோப்டீலியா: அமெரிக்க எல்ம், நீண்ட காம்பில் பூ தொங்கும் ஐரோப்பிய லேவிஸ் முதலியன. நோயைத் தாங்கும் மரங்கள் அதிகம் இருப்பது ஆசியாவில். முதல் கூட்டத்துக்குள் கலப்பு எளிது, ஆகவே ஐரோப்பிய எல்மையும் ஆசிய எல்மையும் இணைக்க முடிந்தது. அமெரிக்க எல்மை ஆசிய எல்மோடு இணைக்க எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் வீண். கூட்டம் வேறு, போதாததற்கு மற்ற எல்ம்களுக்கு 28 குரோமோசோம் என்றால் அமெரிக்க எல்முக்குப் பொதுவாக 56. வாஷிங்டனின் தேசியப் பூங்கா வெளியில் நோயைத் தாங்கி நின்ற ‘ஜெஃபர்சன்’ என்ற அமெரிக்க எல்மில் மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருந்தது ஆய்வாளர்களைக் குழப்பியது. நான்கு தொகுதி மரத்துக்கு அப்படி ஒரு பிள்ளை எப்படி? தேடிப் போனபோது, 28 மட்டுமே உள்ள அமெரிக்க எல்ம்களும் காடுகளில் கணிசமாக நிற்பது 2011-இல் வெளியானது. ஒரே பெயரின் கீழ் இரண்டு சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றனவா என்ற கேள்வி இப்போது அங்கேயும் எழுந்திருக்கிறது.

நெதர்லாந்துக்காரர்கள் எடுத்துச் சென்ற ஆசிய எல்ம் நம் இமயமலையினுடையது. உல்மஸ் வாலிச்சியானா என்று பெயர். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் நதானியேல் வாலிக் நினைவாக, 1848-இல் அதே பிளான்ஷோன் வைத்தது. நெதர்லாந்தின் ஹான்ஸ் ஹேபுரூக் 1960-இல் இமயமலைக்கு வந்து அதைச் சேகரித்துப் போனார். வாலிச்சியானாவின் வழி வந்த ‘லோபெல்’, ‘டோடோன்ஸ்’, ‘பிளான்டைன்’ என்ற ரகங்கள் 1973-இல் வெளியாயின. ‘பிளான்டைன்’ பெற்ற பிள்ளைகளில் ஒன்று ‘கொலுமெல்லா’ என்ற பெயரில் 1989-இல் வந்தது. நோயைத் தாங்குவதில் அது பேர் போனது. மெல்வில், ஹேபுரூக் இருவரும் சேர்ந்து 1971-இல் இமயமலை எல்ம்களை வகைப்படுத்தி எழுதினார்கள். வாலிச்சியானாவையே துணைச்சிற்றினங்களாகப் பிரித்தார்கள். ஐரோப்பியத் தெருக்களுக்குத் தன் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்த இந்த மரம், சொந்த மலையில் மாட்டுத் தழைக்காகத் தொடர்ந்து கழிக்கப்பட்டு, அழியக்கூடிய நிலையில் உள்ளது என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. காஷ்மீரில் வழிபாட்டு இடங்களை ஒட்டி நிற்கும் வில்லோசா என்ற இன்னொரு எல்மில், முதிய மரங்கள் தப்பியிருப்பது பெரிதும் அந்த இடங்களின் புண்ணியத்தால்.

நம் ஊரில் இருந்துகொண்டு இவற்றை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. போன்சாய் விற்கும் நர்சரிகளில் சீன எல்ம், அதாவது உல்மஸ் பார்விஃபோலியா கிடைக்கும். சில சமயம் அது உறவுக்கார மரமான செல்கோவா என்ற பெயரில் விற்கப்படுவதும் உண்டு. இலையின் அடியைப் பாருங்கள்: இரு பக்கமும் வெவ்வேறு இடத்தில் முடிந்தால் எல்ம், ஏறக்குறைய சமமாக முடிந்து ஓரப் பற்கள் ஒரே அளவாக இருந்தால் செல்கோவா. மற்றது நம் ஆயா. குளிர் முடியும் சமயத்தில் இலை கொட்டி, வெறும் கிளையில் சிறு பூ பூக்கும். கோடை தொடங்கியதும் வட்டச் சிறகுள்ள காய்கள் கொத்துக் கொத்தாகப் பச்சையாய்த் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புதுத் தளிர் என்றே நினைக்கத் தோன்றும். இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். கீழே உதிர்ந்த காயை எடுத்துப் பிடித்தால், சிறகின் நுனியில் சிறு பிளவும் அதில் பழைய சூல்தண்டின் இரண்டு மிச்சங்களும் தெரியும். லின்னேயஸ் எண்ணிய அந்த இரண்டு தண்டுகள்தான் அவை.